ஓடாத வண்டியும் ஒடுங்கிய பாட்டரியும்

மோட்டார் வண்டியில் ஏறிச் செல்வோர் பலர். அதன் உள்ளியல்பை அறிந்தோர் சிலரே. வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரையில் இவ்வறியாமையால் இடர் யாதும் தோன்றுவதில்லை. நள்ளிரவில் நோயுற்ற ஒருவரை மருத்துவசாலைக்குக் கொண்டுசெல்லக் கருதி அணுகுங்கால், கதவும் திறவாது விளக்கும் எரியாது அது வாளா நிற்குமாயின், அப்பொழுதே அவ்வறிவின் அருமை புலனாகும். பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் ஒருங்கமைந்த ஹைபிரிட் வண்டிகள், பன்னாள் ஓட்டப்பெறாது நிற்பின் இந்நிலையை எளிதில் எய்துவன. 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் வண்டிகள் வாரக்கணக்காக நின்றமையால், இவ்விடர் பலரும் அறிந்ததாயிற்று. இதன் காரணத்தையும் பரிகாரத்தையும் ஈண்டு ஆராய்வோம்.

1997ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரையஸ் என்பதே பெருந்தொகையாகச் செய்யப்பட்ட முதல் ஹைபிரிட் வண்டியாம். 2003இல் வெளிவந்த அதன் இரண்டாம் வகையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதனுள் இரு பாட்டரிகள் உள. ஒன்று, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடுக் கலங்கள் 168 கோக்கப்பெற்றது. கலம் ஒன்றுக்கு 1.2 வோல்ட்டாக 201.6 வோல்ட்டு வலியுடையது. சக்கரங்களை ஓட்டும் மோட்டாருக்கு மின்சாரம் ஈதலும், எஞ்சினைச் சுழற்றித் தொடங்குதலும் இதன் தொழில்கள். மற்றொன்று 12 வோல்ட்டுச் சிறு பாட்டரி. 1859இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே கண்ட ஈயப் பாட்டரியின் வழிவந்தது.

பெரியது இருக்கச் சிறியது எதற்கு என்று மாணவர் வினவலாம். வண்டி நிற்கும்பொழுது, பெரும் பாட்டரி காவல் கருதி மற்றை உறுப்புக்களினின்று துண்டிக்கப்பட்டிருக்கும். அதனை மீண்டும் இணைக்கும் ரிலேக்களை மூடுவதற்கும், அவற்றை ஆளும் கணிப்பொறிகளை இயக்குவதற்கும் வேண்டிய மின்சாரம் சிறு பாட்டரியினின்றே வருவது. கருவூலம் நிறைந்திருப்பினும் திறவுகோலுடையான் மயங்கிக் கிடப்பின் காசொன்றும் வெளிவராதன்றோ? ஆதலின், சிறியது ஒடுங்கியவிடத்துப் பெரியது பழுதுற்றதெனக் கொண்டு, அதனை மாற்றப் பெரும்பொருள் செலவிடத் துணிதல் கூடாது. முதற்கண் சிறியதையே சோதித்தல் வேண்டும். நிறைந்த பாட்டரி ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டு காட்டும். 12 வோல்ட்டுக்குக் குறையின் அது பெரும்பாலும் வறிதாயிற்று என்க.

ஓடாத வண்டியில் மின்சாரம் குறைவது யாங்ஙனம்? வண்டி உறங்குவதுபோல் தோன்றினும், திருட்டைத் தடுக்கும் கருவியும், சாவியின் வரவை நோக்கியிருக்கும் கருவியும், கடிகாரமும் விழித்தேயிருக்கும். இவையெல்லாம் கூடி 30 மில்லி ஆம்பியர் கொள்வனவாகக் கணக்கிடின், நாளொன்றுக்கு 0.72 ஆம்பியர்-மணி செலவாகும். 45 ஆம்பியர்-மணி கொள்ளும் பாட்டரி ஒரு திங்களில் பாதி வறிதாகும். வறிதான நிலையில் நெடுநாள் விடப்படின், ஈயத் தகடுகளின்மேல் ஈய சல்பேட்டு கடினமான பளிங்குகளாக உறையும்; பின்னர் எவ்வளவு மின்சாரம் ஏற்றினும் பழைய வலி திரும்பாது.

இனிப் பரிகாரம். சாவியுறையினுள் மறைந்துள்ள உலோகச் சாவியால் ஓட்டுநர் கதவைத் திறந்து, முன்மூடியை உயர்த்துக. பாட்டரி வண்டியின் பின்புறத்தே இருப்பினும், முன்புறத்து ஃபியூஸ் பெட்டியில் சிவப்பு மூடியின்கீழ் அதன் நேர்முனைக்கு ஓரிணைப்பு உண்டு. சிவப்புக் கம்பியை முதலில் அதனோடும், பின்னர் உதவி வண்டிப் பாட்டரியின் நேர்முனையோடும் பிணைக்க. கறுப்புக் கம்பியை உதவிப் பாட்டரியின் எதிர்முனையோடு பிணைத்து, மறுதலையை நம் வண்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியொன்றில் இறுதியாகப் பொருத்துக. ஈயப் பாட்டரியினின்று ஹைட்ரஜன் வாயு எழக்கூடுமாதலின், கடைசிப் பொறி பாட்டரிக்கு அப்பால் எழுதல் நன்று. முனை மாறின் விலையுயர்ந்த கருவிகள் கெடும். ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயிர்க்கு ஊறு செய்யும் வலியுடையன, அவற்றைத் தீண்டற்க.

உதவி வண்டியின் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, பின்னர் பிரேக்கை மிதித்து நம் வண்டியின் பொத்தானை அழுத்துக. 'ரெடி' என்னும் விளக்கு எரியின் முயற்சி பலித்தது. கம்பிகளைப் பொருத்திய முறைக்கு எதிராகக் கழற்றுக. எஞ்சின் ஒலி கேளாமையால் ஐயுற வேண்டா. அது வேண்டும்பொழுது தானே தொடங்கும். ஹைபிரிட் வண்டியைக் கொண்டு பிறர் வண்டியின் எஞ்சினைத் தொடங்க முயலுதல் தகாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் பெருமின்சாரத்திற்கு அதன் சிறு சுற்று ஏற்றதன்று.

வருமுன் காத்தலே சிறந்தது. வாரம் ஒருமுறை வண்டியைச் சிறிது தொலைவு ஓட்டுக. அஃது இயலாதாயின், காற்றோட்டமுள்ள வெளியில் 'ரெடி' நிலையில் ஒரு மணி நேரம் நிறுத்துக. மூடிய கொட்டிலில் எஞ்சின் புகை உயிரைக் கொல்லும். 'ரெடி' விளக்கின்றி வானொலி கேட்டிருத்தல் பாட்டரியை வறிதாக்குமேயன்றி நிரப்பாது. பல திங்கள் வெளியூர் செல்வோர், சிற்றளவு மின்சாரம் ஏற்றும் கருவியைப் பொருத்துதலோ, எதிர்முனையைக் கழற்றிவைத்தலோ செய்யலாம். புதிய பாட்டரி வாங்குவோர், அது வண்டியின் உள்ளிடத்தே அமைவதாதலின், வாயுவை வெளியே போக்கும் குழாயுடைய வகையையே கேட்டு வாங்குக. வண்டிதோறும் இணைப்பிடம் வேறுபடுமாகலின், உரியவர் தத்தம் வண்டியின் கைந்நூலை இன்றே ஒருமுறை படித்து, உலோகச் சாவி இருக்குமிடத்தை வீட்டார்க்கும் காட்டிவைத்தல் நலம்.