மூலக் கட்டுரையைத் திறந்து படி

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அத்தை எழுதுவது. ஆய்வில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே மஞ்சளில் உள்ள குர்குமின் பற்றி ஒரு ரிவ்யூ பேப்பர் (மீளாய்வுக் கட்டுரை) எழுதித் தரும்படி உன் கைடு கேட்டிருப்பதாக அண்ணன் சொன்னார். "லேபில் நிற்க வேண்டாம், படித்துத் தொகுத்தால் போதும், சீக்கிரம் முடிந்துவிடும்" என்று கூடப் படிக்கிறவர்கள் உன்னிடம் சொல்கிறார்களாம். அவர்கள் பேச்சைக் கேட்காதே. இந்தப் படிப்பில் நீ செய்யப்போகிற வேலைகளிலேயே பொறுப்பு மிகுந்தது இதுதான். சோதனைக் கட்டுரை ஒன்றில் பிழை இருந்தால், இன்னொருவர் அதே சோதனையைத் திரும்பச் செய்யும்போது அது வெளியே வந்துவிடும். மீளாய்வுக் கட்டுரையைப் படிக்கிறவர் மூலக் கட்டுரைகளைத் தேடிப் போகமாட்டார். நீ படித்திருப்பாய் என்று நம்பி உன் வரியைத் தன் கட்டுரையில் எடுத்து எழுதுவார். மருத்துவராக இருந்தால் மருந்துச் சீட்டும் எழுதுவார்.

1980இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழின் கடிதப் பகுதியில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு குறிப்பு வந்தது. ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் என்ற இருவர் எழுதியது. மருத்துவமனையில் தங்கியிருந்தபோது அபின் வகை வலிநிவாரணி ஒரு முறையாவது கொடுக்கப்பட்ட 11,882 பேரின் பதிவுகளைப் பார்த்திருந்தார்கள். முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்களில் 4 பேருக்கு மட்டுமே அந்தப் பழக்கம் ஏற்பட்டதாகப் பதிவு இருந்தது. அவ்வளவுதான் செய்தி. வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது.

அந்த ஐந்து வாக்கியங்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதை 2017இல் கனடா ஆய்வாளர்கள் அதே இதழில் வெளியிட்டார்கள். அந்தக் குறிப்பை மேற்கோள் காட்டிய 608 கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 439 கட்டுரைகள், அபின் வகை மருந்தால் அடிமைப் பழக்கம் வருவது அரிது என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டியிருந்தன. அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்ற செய்தியையே 491 கட்டுரைகள் விட்டுவிட்டன. ஆக்ஸிகான்டின் என்ற அபின் வகை மாத்திரை வந்த பிறகு மேற்கோள்கள் வேகமாகப் பெருகின. அமெரிக்காவில் அந்த மருந்துகளால் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பதைப் படித்திருப்பாய். மேற்கோள் காட்டியவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்ல நினைத்தவர்கள் அல்லர். ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதினார். ஒரு பக்கம்கூட நிரம்பாத மூலத்தைத் திறந்து பார்க்க நேரம் ஒதுக்கவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு: தொகுக்க வேண்டியதைத் தொகுக்காமல் விடுவது. மேலை நாடுகளில் 1950களிலிருந்து பல பத்தாண்டுகள், கைக்குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கும்படி புகழ்பெற்ற குழந்தை வளர்ப்பு நூல்களே சொல்லிவந்தன. ரூத் கில்பர்ட்டும் அவர் குழுவினரும் 2005இல் பழைய ஆய்வுகளை எல்லாம் காலவரிசையில் அடுக்கிப் பார்த்தபோது, குப்புறப் படுக்க வைப்பது ஆபத்து என்பதற்கான சான்று 1970வாக்கிலேயே சேர்ந்திருந்தது தெரிந்தது. அப்போதே ஒருவர் முறையாகத் தொகுத்திருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகளும் பிழைத்திருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். தரவு நூலகங்களில் கிடந்தது. எடுத்துச் சேர்த்துப் பார்க்க ஆளில்லை. ரிவ்யூ பேப்பரை எண்ணிக்கைக்காக எழுதுவதாக யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சரி, உன் வேலைக்கு வருகிறேன். 'குர்குமினின் மருத்துவப் பயன்கள்' என்று தலைப்பு வைத்திருக்கிறாயாம். அதை விட்டுவிடு. அந்தத் தலைப்பில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. பெரும்பாலானவை புற்றுநோய், நீரிழிவு, மறதிநோய் என்று பட்டியல் போட்டு, எல்லாவற்றுக்கும் 'பலன் தரக்கூடும்' என்று முடிகின்றன. பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியாக அதைச் சுருக்கு. முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்குக் குர்குமின் கொடுத்தால், போலி மாத்திரை எடுத்துக்கொண்டவர்களைவிட வலி குறைகிறதா? இதில் நோயாளி யார், கொடுத்தது என்ன, எதோடு ஒப்பிட்டோம், எதை அளந்தோம் என்ற நான்கும் இருக்கின்றன. எந்தக் கட்டுரை உள்ளே வரும், எது வராது என்பதை இந்த நான்கே தீர்மானித்துவிடும்.

தேடத் தொடங்குமுன் உன் திட்டத்தை எழுதி வை. எந்த ஆய்வுகளைச் சேர்ப்பாய், எவற்றைத் தள்ளுவாய், முக்கிய அளவீடு எது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகம் 2011இலிருந்து நடத்தும் பிராஸ்பெரோ பதிவேட்டில் அதைப் பதிவு செய். கட்டணம் இல்லை. முடிவுகளைப் பார்த்த பிறகு விதியை மாற்றும் ஆசை யாருக்கும் வரும். முன்கூட்டி எழுதி வைத்தது அதைத் தடுக்கும். அதன் பிறகும் மாற்றவேண்டிய தேவை வந்தால் மாற்றலாம். ஏன் மாற்றினாய் என்பதைக் கட்டுரையில் சொல்லிவிடு.

தேடும்போது ஒரே சொல்லோடு நின்றுவிடாதே. குர்குமின், மஞ்சளின் தாவரப் பெயரான குர்குமா லாங்கா, குர்குமினின் வேதிப்பெயரான டைஃபெருலாயில்மீத்தேன் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் போடு. பப்மெட் தேடுதளத்தின் பொருள் தலைப்புச் சொற்களையும் பயன்படுத்து. எந்தத் தளத்தில், எந்தத் தேதியில், எந்தச் சொற்றொடரை அடித்தாய், எத்தனை கிடைத்தன என்பதை அன்றன்றைக்கே குறித்து வை. மருத்துவ ஆய்வுகள் பதிவாகும் இந்தியப் பதிவேட்டையும் அமெரிக்கப் பதிவேட்டையும் கட்டாயம் பார். நடத்தி முடித்தும் வெளியிடாத ஆய்வுகள் அங்கேதான் தெரியும். பலன் கிடைக்காத ஆய்வுகள்தான் பெரும்பாலும் மேசைக்குள் தங்கிவிடுகின்றன. அவற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால் எந்த மருந்தும் நல்ல மருந்தாகத்தான் தெரியும். சோத்கங்கா தளத்தில் நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் கிடைக்கின்றன. அவற்றையும் விடாதே.

பழைய இந்திய இதழ்களை அலட்சியம் செய்யாதே. மஞ்சளைப் பொறுத்தவரை இதற்கு ஒரு பெரிய சாட்சியே இருக்கிறது. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் (சிஎஸ்ஐஆர்) அதை எதிர்த்து 32 ஆவணங்களைத் தாக்கல் செய்தது. சம்ஸ்கிருத நூல்களும் இருந்தன, இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953இல் வந்த ஒரு கட்டுரையும் இருந்தது. 1997இல் காப்புரிமை ரத்தானது. ஒரு நாட்டின் உரிமையைக் காப்பாற்றியது இலக்கியத் தேடல்தான். அந்த 1953ஆம் ஆண்டு இதழ் கணினித் திரையில் முதலில் வந்து நின்றிருக்காது. நூலகத்தில் தூசி தட்டி எடுக்கிறவருக்குத்தான் இப்படிப்பட்டவை கிடைக்கும்.

கிடைத்தவற்றை நீ ஒருத்தியே வடிகட்டாதே. இன்னொரு மாணவரும் தனியாக வடிகட்டட்டும். முடிவு வேறுபடும் இடங்களில் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். முழுதாகப் படித்துத் தள்ளிய ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுது. மீளாய்வு எழுதுவதற்கான பிரிஸ்மா 2020 வழிகாட்டியில் 27 அம்சங்கள் இருக்கின்றன. கட்டுரை முடிந்தபின் சரிபார்க்கத்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். தொடக்கத்திலேயே பக்கத்தில் வைத்துக்கொள். ஸொடேரோ மென்பொருளில் குறிப்புகளைச் சேர்த்துவா. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உன் தொகுப்பில் இருந்தால் அது எச்சரிக்கும். குர்குமின் துறையில் திரும்பப் பெறப்பட்டவை பல உண்டு என்பதால் இதைக் கட்டாயம் செய்.

இனி படிப்பது. நான் மிகவும் அக்கறைப்படுவது இதில்தான். அப்ஸ்ட்ராக்டைப் படித்துவிட்டு ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டாதே. முதலில் செய்முறைப் பகுதி, பிறகு அட்டவணைகள், கடைசியாக ஆசிரியரின் முடிவுரை என்ற வரிசையில் படி. முடிவுரையை முதலில் படித்தால் உன் கண் அவர் சொன்னதையே அட்டவணையிலும் தேடும்.

உன் துறையிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். மிளகில் உள்ள பைப்பரின் சேர்த்தால் குர்குமின் உடலில் சேர்வது 2000 சதவீதம் கூடுகிறது என்று நூற்றுக்கணக்கான கட்டுரைகளிலும் மாத்திரைப் புட்டிகளிலும் பார்த்திருப்பாய். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998இல் பிளான்டா மெடிகா இதழில் வந்த ஆய்வுதான் அதற்கு மூலம். நேர்மையான ஆய்வு. அதைத் திறந்து படித்தால், 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது மனிதர்களின் ரத்தத்தில் அது கண்டுபிடிக்க முடியாத அளவிலோ மிகமிகக் குறைவாகவோதான் இருந்தது என்று அவர்களே எழுதியிருப்பது தெரியும். ஏறக்குறைய இல்லாத ஒன்று பல மடங்கு கூடினாலும் எவ்வளவு ஆகும்? நோய்க்குப் பலன் தரும் அளவை அது எட்டியதா? அந்தச் சதவீதத்தை எடுத்து எழுதுகிறவர்களில் பலர் இதைக் கேட்பதில்லை. நீ கேள். அதே ஆய்வில் எலிகளுக்குக் கிடைத்த உயர்வு 154 சதவீதம்தான். மனிதனுக்கும் எலிக்கும் இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்கு எழுதிவிட முடியாது என்பதும் அங்கேயே இருக்கிறது.

2017இல் கேத்ரின் நெல்சனும் உடன் ஆய்வாளர்களும் ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி இதழில் எழுதிய மீளாய்வைத் தேடிப் படி. குர்குமின் நிலையற்ற மூலக்கூறு, எளிதில் சிதைகிறது, தானே ஒளிர்கிறது, பல புரதங்களோடு வினைபுரிகிறது, அதனால் லேபில் நடக்கும் சோதனைகளை ஏமாற்றி 'பலன் இருக்கிறது' என்று காட்டிவிடும் என்பதை வேதியியல் வழியாக விளக்கியிருக்கிறார்கள். 120க்கும் மேற்பட்ட மருத்துவ ஆய்வுகளில் இரட்டை மறைப்போடும் போலி மருந்தோடும் நடந்த எதுவும் வெற்றி பெறவில்லை என்பது அவர்கள் தீர்ப்பு. வேறு சிலர் அதை மறுத்தும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் உன் கட்டுரையில் கொண்டுவா. நம் வீட்டு மஞ்சள் என்பதற்காக ஒரு பக்கம் சாயாதே. மேல்நாட்டார் சொன்னார்கள் என்பதற்காகவும் சாயாதே.

படித்த ஒவ்வொரு ஆய்வையும் ஒரே அட்டவணையில் இடு. எத்தனை பேர், எந்த வகைக் குர்குமின், எவ்வளவு நாள், பாதியில் விலகியவர்கள் எத்தனை பேர், பணம் கொடுத்தது யார் என்ற விவரங்கள் வேண்டும். மஞ்சளின் நிறமும் மணமும் காட்டிக்கொடுக்கும் என்பதால், போலி மாத்திரையை நோயாளி அடையாளம் காணாதபடி என்ன செய்தார்கள் என்பதற்கும் தனி நெடுவரிசை வை. ஒரே ஆய்வு இரண்டு இதழ்களில் இரண்டு ஆய்வாக வந்திருக்கலாம், பதிவு எண்ணைப் பார்த்துக்கொள். வாந்தியைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான் மருந்தின் ஆய்வுகளை மார்ட்டின் டிராமரும் குழுவினரும் 1997இல் ஆராய்ந்தபோது, இப்படி இரட்டையாக எண்ணியதால் அதன் பலன் 23 சதவீதம் மிகையாகத் தெரிந்தது என்று கண்டார்கள்.

எழுதும்போது கட்டுரைக்கு ஒரு பத்தி என்று கோக்காதே. 'இவர் இப்படிக் கண்டார், அவர் அப்படிக் கண்டார்' என்று நீள்கிற கட்டுரை ஒரு சாமான் பட்டியல். உன் கேள்வியின் கிளைகளை வைத்துப் பத்திகளைப் பிரி. ஏழு ஆய்வு ஆதரவு, மூன்று எதிர்ப்பு என்று ஓட்டு எண்ணவும் வேண்டாம். இருபது பேரிடம் நடந்த ஏழு ஆய்வுகளைவிட முந்நூறு பேரிடம் ஒழுங்காக நடந்த ஒன்று கனமானது. ஆய்வுகள் முரண்படும்போது ஏன் முரண்படுகின்றன என்று தேடு. அளவா, காலமா, மாத்திரையின் வகையா? அந்த இடத்தில்தான் உன் சொந்த அறிவு வெளிப்படும். சான்று போதவில்லை என்றால் அப்படியே எழுது. அதனால் உன் கட்டுரையின் மதிப்பு குறையாது.

ஏஐ கருவியிடம் மேற்கோள் பட்டியல் கேட்காதே. இல்லாத கட்டுரைக்கு அழகான தலைப்பும் ஆண்டும் கொடுத்துவிடும். பத்தே நாளில் வெளியிடுகிறோம், பணம் கட்டுங்கள் என்று வரும் மின்னஞ்சல்களை அழித்துவிடு.

கைடு அவசரப்படுத்தினால், தேடல் குறிப்பையும் அட்டவணையையும் கொண்டுபோய்க் காட்டிக் கூடுதல் காலம் கேள். கைகட்டி நிற்காமல் மரியாதையோடு காரணத்தைச் சொல். எத்தனை கட்டுரைகள் முழுதாகப் படிக்க மீதி இருக்கின்றன என்று எண்ணைச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

முதல் வரைவு முடிந்ததும் எனக்கு அனுப்பு. கூடவே அட்டவணையையும், நீ மேற்கோள் காட்டிய ஒவ்வொரு மூலக் கட்டுரையின் பிடிஎஃப்பையும் அனுப்பு. ஒவ்வொரு மேற்கோளையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் திருப்பி அனுப்புவேன்.

அன்புடன்,
அத்தை