ஈறில் கசியும் இரத்தம்

எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம் நடத்தும்போது, "பல் துலக்கையில் இரத்தம் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பேன். "அந்த இடத்தைத் தொடமாட்டோம்" என்பார்கள். அங்கிருந்தே பாடத்தைத் தொடங்குவேன்.

பல்லோரம் படியும் பாக்டீரியாப் படலத்தை உடல் எதிர்க்கும்போது ஈறில் அழற்சி உண்டாகிறது, இரத்தம் கசிகிறது. இருவேளையும் மென்மையாகத் துலக்கிப் படலத்தை நீக்கினால் தொடக்கநிலை அழற்சி குணமாகும். கவனிக்காமல் விட்டால், பல்லைத் தாங்கும் எலும்பே கரையக்கூடும்.

நீரிழிவு ஈறுநோயைத் தீவிரமாக்கும். ஈறுநோய் சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் கடினமாக்கும். புகைபிடிப்போருக்குக் கசிவு குறைவாக இருப்பதால் நோய் வெளியே தெரியாமல் வளரும்.

வீட்டில் நீரிழிவு உள்ள பெரியவர்களிடம், "ஈறில் இரத்தம் வருகிறதா?" என்று மாணவர்கள் கேட்கட்டும். விடையை வகுப்பில் சொல்ல வேண்டாம். "ஆம்" எனில், பல் மருத்துவரிடம் காட்டச் சொன்னால் போதும்.