ஏழில் தங்கும், எட்டில் தங்காதா?

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்து வீடுகளை விட்டுப் பலர் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆனால் பாட்டிமார் வாயில் ஒரு சொல் மாறவில்லை: ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது. நம்மவர் மட்டும் நம்பியதல்ல இது. ஹிப்போகிராட்டஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் இதே கருத்து உண்டு. ஆனாலும் தவறு தவறுதான்.

கருவின் நான்காம் வாரத்தில் நுரையீரல் சிறு மொட்டாக முளைக்கிறது. மூச்சுக்குழாய் கிளைவிடும் இடமெல்லாம் இரத்தக் குழாயும் கூடவே கிளைவிடுகிறது. 17ஆம் வாரத்துக்குள் பெரிய கிளைகள் அமைந்துவிடும். ஆனால் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை வாங்குபவை அவை அல்ல. மயிரினும் மெல்லிய தந்துகிகள். அவை காற்றறைச் சுவரை ஒட்டி, மூச்சுக்கு ஓரளவாவது உதவும் நிலைக்கு வருவது ஏறக்குறைய 24ஆம் வாரத்தில்தான். அதன்பின் வாரத்துக்கு வாரம் சுவர் மெலிகிறது, தந்துகிகள் பெருகுகின்றன. ஏழில் முடிந்து எட்டில் பின்வாங்கும் வேலையல்ல இது. எட்டாம் மாதக் குழந்தைக்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

இந்த நம்பிக்கையை நான் இவ்வளவு வலியுறுத்தி மறுப்பதற்குக் காரணம் உண்டு. ஏழாம் மாதத்தில் பனிக்குட நீர் கசிந்தால், "பிள்ளை தங்கிவிடும், காலையில் பார்க்கலாம்" என்று வீட்டில் காத்திருப்பது ஆபத்து. நுரையீரலை விரைந்து முதிரச் செய்யும் ஸ்டீராய்டு ஊசி இருக்கிறது. நியூசிலாந்து மருத்துவர்கள் லிகின்ஸ், ஹோவி இருவரும் அதன் பயனை 1972இல் வெளியிட்டார்கள். ஊசி போட்டு ஒரு நாளாவது கழிந்து பிறந்தால்தான் பலன் முழுமையாகக் கிடைக்கும். பெஸ்தாரி ஜெயாவுக்கு உள்ளே இருக்கும் தோட்டத்திலிருந்து சுங்கை பூலோ மருத்துவமனைக்குப் போய்ச் சேரவும் நேரம் வேண்டும். அந்த இரவை வீணாக்கக் கூடாது.

வயிற்றுக்குள் குழந்தை மூச்சுவிடுகிறது என்பது இன்னொரு நம்பிக்கை. மார்பு அசைவது உண்மை; ஆனால் நுரையீரலில் இருப்பது காற்றல்ல, நீர். ஆக்ஸிஜன் நச்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து வருகிறது. அதனால் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் சுருங்கியே இருக்கும். இதயம் தள்ளும் இரத்தத்தில் சிறு பங்குதான் அங்கே போகும். மீதி, இதயத்திலுள்ள ஒரு துளை வழியாகவும், நுரையீரல் தமனியைப் பெருந்தமனியோடு இணைக்கும் குறுக்குக் குழாய் வழியாகவும் விலகி ஓடுகிறது. பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் சுருங்கிய குழாய்கள் விரிந்து, நுரையீரலுக்குப் போகும் இரத்தம் எட்டுப் பத்து மடங்கு கூடுகிறது. குறுக்குக் குழாய் சில நாள்களில் மூடிக்கொள்ளும்.

அந்தக் குழாய், குழந்தை பிறப்பதற்கு முன்பே மூடக் கூடாது. "இடுப்பு வலிக்குக் கடை மாத்திரைதானே, பிள்ளையை என்ன செய்யும்?" என்பவர்கள் இதைக் கேட்க வேண்டும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள், குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், அந்தக் குழாயைச் சுருக்கிவிடலாம். அப்போது தள்ளப்படும் இரத்தம் தயாராகாத நுரையீரல் குழாய்களை அழுத்தும்; பிறந்த குழந்தை மூச்சுக்குத் திணறலாம். 20 வாரத்துக்குப் பிறகு டாக்டரைக் கேட்காமல் இவற்றை விழுங்காதீர்கள். இரத்தக் கொதிப்பைத் தடுக்கக் கிளினிக்கில் எழுதிக்கொடுக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரின் வேறு கணக்கு. அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.