ஃபியூஷன் நியூஸ் வந்தா கேட்க வேண்டிய நாலு கேள்வி



"செயற்கை சூரியன் ரெடி! இனிமே கரண்ட் பில்லே கிடையாது!" இந்த ஃபார்வர்டு உங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்திருக்கும். வந்த உடனே குரூப் ரெண்டா பிரியும். ஒரு கோஷ்டி ஃபயர் எமோஜி போடும். இன்னொரு கோஷ்டி, "ஃபியூஷன் எப்பவுமே முப்பது வருஷம் தள்ளித்தான் இருக்கும்"னு பழைய ஜோக்கை எடுத்து விடும். ரெண்டு பேருமே செய்தியை முழுசா படிச்சிருக்க மாட்டாங்க. நம்பறதுக்கும் கணக்கு தேவையில்லை, கிண்டல் பண்றதுக்கும் தேவையில்லை. ஆனா நாம இன்ஜினியரிங் பசங்க. கணக்கு போட்டுப் பார்த்துட்டுப் பேசுவோம்.

முதல்ல ரெண்டே வரியில அடிப்படை. கல்பாக்கத்துல நடக்கிறது ஃபிஷன், அதாவது கனமான அணுவைப் பிளக்கிறது. ஃபியூஷன்ல டியூட்டீரியம், டிரிட்டியம்னு ரெண்டு வகை ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒண்ணா சேர்ந்து ஹீலியமும் ஒரு நியூட்ரானும் வரும்; கூடவே 17.6 மெகா எலக்ட்ரான் வோல்ட் சக்தி. ரெண்டுமே பாசிட்டிவ் சார்ஜ், ஒண்ணை ஒண்ணு தள்ளும். அந்தத் தள்ளலைத் தாண்டணும்னா சுமார் 15 கோடி டிகிரி வெப்பம் வேணும். சூரியனோட மையத்துலயே ஒன்றரை கோடி டிகிரிதான். கஷ்டம் எங்கேன்னு இப்போ புரிஞ்சிருக்கும். இனி கேள்விகளுக்கு வருவோம்.

கேள்வி 1: எந்த எல்லைக்குள்ள கணக்கு போட்டாங்க?

தெர்மோடைனமிக்ஸ் முதல் கிளாஸ்ல சொன்னாங்களே, 'சிஸ்டம் பவுண்டரி'. அதேதான்.

2022 டிசம்பர் 5 அன்னைக்கு அமெரிக்காவோட லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்துல 192 லேசர் கதிர்களை ஒரு சின்ன எரிபொருள் உருண்டையை நோக்கி அடிச்சாங்க. உள்ளே போனது 2.05 மெகா ஜூல், வெளியே வந்தது 3.15 மெகா ஜூல். "போட்டதை விட அதிகமா எடுத்துட்டாங்க"ன்னு உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. அது பொய் இல்லை, உண்மையிலேயே பெரிய சாதனைதான். ஆனா அந்த லேசரை ஒரு தடவை சுட வைக்க கரண்ட் லைன்ல இருந்து எடுத்தது சுமார் 300 மெகா ஜூல்.

நம்ம ஈபி பில் கணக்குக்கு மாத்துவோம். ஒரு யூனிட் என்பது 3.6 மெகா ஜூல். வந்தது ஒரு யூனிட்டுக்கும் குறைவு, சுமார் 0.88. செலவானது கிட்டத்தட்ட 83 யூனிட். வந்ததும் வெறும் வெப்பமும் நியூட்ரானும்தான். அதைக் கரண்டா மாத்தினா இன்னும் குறையும்.

திண்டிவனம் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஈஸியா சொல்றேன். "ரெண்டு மூட்டை மல்லாட்டை விதைச்சேன், மூணு மூட்டை எடுத்தேன், லாபம்"னு ஒருத்தர் சொன்னா, உங்க தாத்தா என்ன கேட்பாரு? "உழவுக் கூலி எவ்ளோ, உரம் எவ்ளோ, களையெடுப்பு எவ்ளோ?"ன்னு கேட்பாரு. அதுதான் சிஸ்டம் பவுண்டரி.

இந்தக் கேள்வி ஃபியூஷனுக்கு மட்டும் இல்லை. எங்க பெரியப்பா வீட்டுல ஒருத்தர் 'கரண்ட் சேமிக்கும் பெட்டி'யை 1,500 ரூபாய்க்கு வித்துட்டுப் போனார். பிளக்ல சொருகினா பில் பாதியாகுமாம். பிரிச்சுப் பார்த்தா ஒரு கெப்பாசிட்டரும் ஒரு எல்ஈடியும்தான். பவர் ஃபேக்டர் கொஞ்சம் மாறலாம். ஆனா வீட்டு மீட்டர் காசு கேட்கிறது நிஜமா செலவான யூனிட்டுக்கு. பில் ஒரு ரூபாய்கூட குறையலை.

கேள்வி 2: எவ்ளோ நேரம், எத்தனை தடவை?

இங்கிலாந்துல இருந்த ஜெட் என்ற டோகமாக் 2023-ல 69 மெகா ஜூல் எடுத்து உலக சாதனை பண்ணுச்சு. எரிபொருள் வெறும் 0.2 மில்லிகிராம். கேட்கவே சூப்பரா இருக்கு. ஆனா அது ஓடினது 5 செகண்ட்தான். மொத்தம் சுமார் 19 யூனிட் வெப்பம். அதையும் தாண்டி, ஜெட் ஒரு தடவைகூட போட்ட சக்தியை விட அதிகமா எடுத்ததில்லை.

2025 பிப்ரவரியில பிரான்ஸ்ல வெஸ்ட் என்ற கருவி பிளாஸ்மாவை 1,337 செகண்ட், அதாவது 22 நிமிஷம் பிடிச்சு வச்சது. இதுவும் பெரிய விஷயம். ஆனா அதுல டிரிட்டியம் போடலை, கரண்ட் எடுக்கிற பேச்சே இல்லை. ஒரு செய்தி நேரத்தைப் பத்திச் சொல்லும், இன்னொண்ணு சக்தியைப் பத்திச் சொல்லும். பவர் பிளான்ட்டுக்கு ரெண்டும் ஒரே மெஷின்ல, ஒரே சமயத்துல வேணும். லேசர் முறையா இருந்தா, எப்பவாவது ஒரு தடவை சுடறது போதாது. ஒரு செகண்டுக்கே பத்து தடவை மாதிரி சுடணும்.

கேள்வி 3: வேற யாராவது அளந்து பார்த்தாங்களா?

இதுக்கு நம்ம தமிழ்நாட்டுலயே ஒரு பெரிய பாடம் இருக்கு. 1996-ல ராஜபாளையம் பக்கத்துல இருந்து ராமர் பிள்ளை என்பவர், மூலிகையைத் தண்ணியில போட்டு பெட்ரோல் எடுக்கிறேன்னு சொன்னார். ஊரே கொண்டாடுச்சு. சந்தேகப்பட்டவங்களை எண்ணெய் கம்பெனி ஆளுன்னு திட்டினவங்களும் உண்டு. விஞ்ஞானிகள் முன்னாடி அது நிக்கலை. கடைசியில சிபிஐ வழக்கு, 2016-ல சென்னை நீதிமன்றம் 3 வருஷம் சிறைத் தண்டனை கொடுத்துச்சு.

இதுக்கு லேப் கூடத் தேவையில்லை, பிளஸ் டூ கெமிஸ்ட்ரி போதும். பெட்ரோல்ல பெரும்பங்கு கார்பன். தண்ணியில கார்பனே கிடையாது. கைப்பிடி இலையில இருந்து லிட்டர் கணக்கான பெட்ரோலுக்குக் கார்பன் எங்கிருந்து வரும்?

"அவர் படிக்காதவர், விஞ்ஞானிங்க ஏமாற மாட்டாங்க"ன்னு நினைக்காதீங்க. 1989 மார்ச் 23-ல யூட்டா பல்கலைக்கழகத்துல பான்ஸ், ஃபிளெய்ஷ்மேன் என்ற ரெண்டு கெமிஸ்ட்ரி பேராசிரியர்கள் மேஜை மேல ஒரு பாத்திரத்துல 'குளிர் ஃபியூஷன்' பண்ணிட்டோம்னு பிரஸ் மீட் வச்சாங்க. நம்ம மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்துல இருந்துகூட, நியூட்ரானும் டிரிட்டியமும் பார்த்ததா அறிக்கை வந்தது. ஆனா உலகத்துல பெரும்பாலான லேப்கள் திரும்பச் செஞ்சு பார்த்தப்போ வரலை. அவங்க சொன்ன வெப்பம் வழக்கமான ஃபியூஷன்ல வந்திருந்தா, பக்கத்துல நின்னவங்களே கதிர்வீச்சுல பிழைச்சிருக்க முடியாது.

இதே கேள்விக்கு ஒரு நல்ல பதிலும் சரித்திரத்துல இருக்கு. 1968-ல சோவியத் விஞ்ஞானிகள் தங்களோட டி-3 டோகமாக்ல கோடி டிகிரி அளவுக்குப் போயிட்டோம்னு சொன்னாங்க. மேற்கு நாடுகள் நம்பலை. பனிப்போர் காலம் வேற. ஆனா சோவியத் பக்கம் "நீங்களே வந்து அளங்க"ன்னு கதவைத் திறந்துச்சு. 1969-ல பிரிட்டிஷ் டீம் ஒண்ணு தங்களோட லேசர் கருவியோட மாஸ்கோ போச்சு. அளந்தது, உண்மைன்னு அறிவிச்சது. இன்னைக்கு உலகம் முழுக்க டோகமாக் இருக்கக் காரணம் அந்தச் சந்தேகம்தான். சந்தேகப்படறவன் எதிரி இல்லைங்க. விஷயம் நிஜமா இருந்தா அவன்தான் முதல் சாட்சி.

கேள்வி 4: இன்னும் என்ன வேலை பாக்கி?

டியூட்டீரியம் மரக்காணம் கடல் தண்ணியிலயே இருக்கு. ஆனா டிரிட்டியம் இயற்கையில கிட்டத்தட்ட கிடையாது. 12 வருஷத்துல பாதி அழிஞ்சிடும். லித்தியத்துல நியூட்ரானை மோதவிட்டு ரியாக்டருக்குள்ளயே தயாரிக்கணும். அதைப் பவர் பிளான்ட் அளவுல இதுவரை யாரும் செஞ்சு காட்டலை. நியூட்ரான் அடியைப் பல வருஷம் தாங்கற சுவரும் வேணும்.

அதனால தேதி சொல்றவங்ககிட்ட ஜாக்கிரதை. 1955-லேயே ஜெனிவா மாநாட்டுல ஹோமி பாபா, இருபது வருஷத்துல ஃபியூஷனைக் கட்டுக்குள்ள கொண்டு வர வழி கிடைச்சிடும்னு கணிச்சார். பிரான்ஸ்ல கட்டற ஐட்டர்ல 2025-ல முதல் பிளாஸ்மான்னு திட்டம் இருந்தது. 2024-ல வந்த புது அட்டவணைப்படி ஆராய்ச்சி ஓட்டம் 2034, டியூட்டீரியம்-டிரிட்டியம் 2039. இவ்ளோ ஏன், நம்ம பக்கத்துல கல்பாக்கம் அதிவேக ஈனுலையைப் பாருங்க. அது நமக்குத் தெரிஞ்ச ஃபிஷன்தான். 2004-ல கட்ட ஆரம்பிச்சாங்க, 2010-ல முடியும்னாங்க. கோர் லோடிங் ஆரம்பிச்சதே 2024 மார்ச்சுல.

அப்போ நம்பிக்கையே வேண்டாமா?

வேணும். ஜெட் 1997-ல எடுத்தது 22 மெகா ஜூல், 2021-ல 59, 2023-ல 69. லிவர்மோர்ல 3.15-ஆ இருந்தது 2024 பிப்ரவரியில 5.2 ஆச்சு. மூலிகை பெட்ரோல்ல இப்படி ஒரு ஏறுமுகக் கணக்கே கிடையாது. வித்தியாசம் அங்கதான் இருக்கு.

இது வெளிநாட்டுக் கதை மட்டும் இல்லை. காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்துல 'ஆதித்யா' டோகமாக் 1989-ல இருந்தே ஓடுச்சு. ஐட்டரைச் சுத்தி இருக்கிற 3,800 டன் எடையுள்ள பிரம்மாண்டமான கிரையோஸ்டாட் குஜராத் ஹசீராவுல செஞ்சது. அதுக்குத் தேவைப்பட்டது பிசிக்ஸ் மட்டும் இல்லை. வெல்டிங், வேக்கும், கிரையோஜெனிக்ஸ், பவர் எலக்ட்ரானிக்ஸ். அதாவது மெக்கானிக்கலும் ட்ரிபிள்ஈயும்.

"கோர் படிச்சு என்ன பண்றது, ஐடி கம்பெனி பிளேஸ்மென்ட்ல உட்கார்ந்துடலாமா"ன்னு விழுப்புரத்துலயும் திண்டிவனத்துலயும் யோசிச்சுட்டு இருக்கிற ஜூனியர்ஸுக்கு ஒண்ணு சொல்றேன். இந்தத் துறைக்குப் போகணும்னா 'அஞ்சு வருஷத்துல உலகம் மாறும்'னு நம்பிப் போகாதீங்க. மூணாவது வருஷமே மனசு விட்டுடும். நம்ம ஆயுசு முழுக்க வேலை இருக்கும், முடிவு நமக்கு அடுத்தவங்க பார்க்கலாம்னு தெரிஞ்சு போங்க. காந்திநகர்ல பிஎச்டி பண்ணலாம். ஆசை இருந்தா இப்பவே தேட ஆரம்பிங்க.

அதே மாதிரி, "ஃபியூஷன் வரப்போகுதே, இப்ப எதுக்கு மாடியில சோலார்?"னு வீட்டுல யாராவது கேட்டா, மேலே காட்டுங்க. 15 கோடி கிலோமீட்டர் தள்ளி ஒரு ஃபியூஷன் ரியாக்டர் ஏற்கெனவே ஓடிட்டுத்தான் இருக்கு. பில் அனுப்பினதே இல்லை.

ஹோம்வொர்க்: அடுத்த ஃபார்வர்டு வந்ததும் எமோஜி போடறதுக்கு முன்னாடி இந்த நாலு கேள்வியையும் கேளுங்க. நாலுக்கும் பதில் இருந்தா குரூப்ல எழுதுங்க. ரெண்டுக்குத்தான் பதில் இருந்தாலும் எழுதுங்க, எந்த ரெண்டுன்னு சேர்த்து.