விடையினின்று எழும் வினா

பாடங் கேட்கும் அவைக்கண் முதல் வினாவை எழுப்புதல் எளிது. விடை பெற்றபின் அதனைத் தொடர்ந்து வினாவுதலே அரிது. முதல் வினா அறியாமையினின்றே பிறத்தல் கூடும். இரண்டாவதோ, கூறிய விடையைச் செவ்வனே கேட்டார்க்கன்றி வாராது.

பவணந்தியார் நன்னூலில், ஆசிரியர்பாற் கேட்டலோடு அமையாது, வினாவுதலையும் விடையிறுத்தலையும் பயிலும் முறையுள் வைத்தார். உமாபதிசிவனார் தம் ஆசிரியராகிய மறைஞானசம்பந்தரை வினாவும் முறையில் 13 வெண்பாக்களால் வினாவெண்பாவை அருளினார். ஒளியும் இருளும் ஓரிடத்துக் கூடுதல் அரிதாயிருக்க, உயிரினிடத்து அறிவும் ஆணவமும் எவ்வாறு உடனிருத்தல் கூடும் என்பது அவற்றுள் ஒன்று. இது நூலறியாதார் வினாவன்று. கேட்ட பொருள்களுள் முரண்போலத் தோன்றியதனைக் கண்டு எழுந்ததாகும்.

இத்தகைய வினாவை மாணவன் எங்ஙனம் காண்பது? சிவஞானபோதத்து 12 சூத்திரங்களின் பொருளும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என நிறுவப்படுதலின், அம்மூன்றிடத்தும் தேடுக. 'உலகு ஒரு கருத்தாவை உடையது. தோன்றி நின்று அழிதலின். குடம்போல' என ஆசிரியர் கூறினார் என்க. 'ஈண்டு உலகு என்றது சடத்தை மட்டுமோ, உடம்பொடு கூடிய உயிர்களையும் உளப்படுத்தோ?' என்பது மேற்கோளைப் பற்றிய வினா. 'பகுதிகள் தோன்றியழிதலைக் கண்டாம். முழுதும் அங்ஙனமாதலைக் கண்டார் யார்?' என்பது ஏதுவைப் பற்றியது. 'குயவனுக்கு மண்ணும் தண்டசக்கரமும் உள. இறைவனுக்கு அவை யாவை?' என்பது எடுத்துக்காட்டைப் பற்றியது. இவ்வினாவே மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம் என்னும் அடுத்த பாடத்திற்கு வாயிலாம். அவ்விடத்தே, 'மெய்கண்டார் எக்காலத்தவர்?' என்று ஒருவன் வினவின், அது தீய வினாவன்றாயினும், எடுத்த பொருளை இடையே அறுத்துவிடும், பின்னர்க் கேட்கற்பாலது.

தொடர்ந்து வினாவுவானை அடக்கமில்லான் எனக் கடிந்து வாய்மூடுவிக்கும் ஆசிரியரும் உளர். அவரிடம் பயின்றார் சூத்திரம் அனைத்தும் மனப்பாடமாக ஒப்பிப்பர். பிறமதத்தார் ஒருவர் அவைநடுவே 'அஃது எங்ஙனம்?' என வினவிய அளவிலே நாவெழாது நிற்பர். பாடசாலையிற் கேட்கப்படாத வினா அவைக்களத்தே வந்து கேட்கும்.

ஆகலின் மாணவர்க்கு நாம் கூறுவது இது: பெற்ற விடையை முதற்கண் நும் சொல்லால் ஆசிரியர்முன் எடுத்துரைமின், அவர் 'ஆம்' என்ற பின்னரே அடுத்து வினவுமின். வெல்லுதற் பொருட்டு வினவற்க. ஆசிரியரும், ஒருவன் சரியான விடை கூறியவழி அதனோடு அமையாது, 'அதற்கு ஏது என்னை?' எனக் கேட்டுச் சிறிது பொறுத்திருத்தல் வேண்டும். அப்பொறுமையிலே மாணவன் தானே எண்ணத் தொடங்குவான்.