குதிகால் வலியும் நாம் போடும் சப்பாத்தும்

வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும் அன்பர்களின் காலணிகளை வாசலில் ஒழுங்காக அடுக்கி வைப்பது, பணி ஓய்வுக்குப் பிறகு நானாகவே ஏற்றுக்கொண்ட வேலை. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த குதி, தாளைப்போல் மெலிந்துவிட்ட ஜப்பான் சிலிப்பர், பின்பக்கத்தை மிதித்து மிதித்துச் சப்பிப்போன சப்பாத்து, இப்படிப் பலவற்றைப் பார்க்கிறேன். அவற்றுக்கு உரியவர்களில் சிலர் பிரகாரத்தை முதல் சுற்று வரும்போது நொண்டுவதையும் பார்க்கிறேன். அதனால்தான் இவ்வாண்டு மலருக்குத் திருமுறைக் கட்டுரை எழுதாமல் காலைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றே பாடம் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற மறு ஆண்டு, காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி ஏறியதுபோல் வலித்தது. பத்து அடி நடந்தால் குறையும். உட்கார்ந்து எழுந்தால் திரும்ப வரும். வாதம் என்று எண்ணி எண்ணெய் தேய்த்தேன். பிறகு இரவுச் சந்தையில், விரலால் அழுத்தினால் பஞ்சுபோல் உள்வாங்கும் சிலிப்பர் ஒன்றை வாங்கினேன். முதல் வாரம் சுகமாக இருந்தது. மூன்றாம் வாரம் வலி முன்னைவிட மோசமானது.

காரணத்தை டாக்டர் படம் போட்டு விளக்கினார். குதிகால் எலும்பின் அடியிலிருந்து விரல்களின் அடிவரை தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. பாதத்தின் வளைவை வில் என்றால் இது அதன் நாண். நாம் அடியெடுத்து வைக்கும்போது விரல்கள் மேல்நோக்கி மடங்கும், நாண் இழுபடும். அது குதி எலும்பில் பிணைந்திருக்கும் இடம் நைந்துபோவதுதான் இந்த வலி. இரவெல்லாம் தளர்ந்து கிடந்த பட்டை காலையில் திடீரென்று இழுபடுவதால் முதல் அடி அப்படிக் கொல்கிறது. எக்ஸ்ரேயில் ‘எலும்பு முள்’ தெரிகிறது என்று பயப்படுவோர் உண்டு. முள் இருந்தும் வலியே இல்லாதவர்கள் பலர்.

பஞ்சு சிலிப்பர் ஏன் கெடுத்தது என்பது இப்போது புரியும். குதி அமிழ்ந்து போக, வளைவுக்குத் தாங்கல் இல்லை. போதாததற்கு, சிலிப்பர் நழுவாமலிருக்க விரல்கள் அதை இறுக்கிப் பிடித்தபடியே நடக்க வேண்டியிருக்கிறது. குதிக்கு அடியில் மெத்தை வேண்டும். ஆனால் குதியைச் சுற்றியும் நடுப்பாதத்திலும் உறுதி வேண்டும்.

ஆகவே கடைக்குப் போனால் விலையையும் பெயரையும் பார்க்குமுன், சப்பாத்தின் பின்சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். எளிதில் மடங்கக் கூடாது. இரு முனையையும் பிடித்து வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். துணியைப் பிழிவதுபோல் முறுக்க வந்தாலும் வேண்டாம். குதி சற்றே உயர்ந்திருப்பது நல்லது. அறவே தட்டையானது பட்டையை அதிகம் இழுக்கும். மாலையில் போய் வாங்குங்கள், கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. எழுந்து நின்று, பெரிய காலுக்கு அளவு பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். பால்மரம் வெட்டுவோர் அணியும் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து (மலாய்க்காரர்கள் வேடிக்கையாக ‘அடிடாஸ் கம்போங்’ என்பார்கள்) ஈர மண்ணில் வழுக்காது, உண்மைதான். ஆனால் உள்ளே மெத்தையும் இல்லை, தாங்கலும் இல்லை. சிமெண்டுத் தரையில் நாள் முழுவதும் நிற்க அது ஆகாது.

தமிழ்நாட்டில் எம்.சி.ஆர். செருப்பு என்று ஒன்று விற்கிறார்கள். “எம்.ஜி.ஆர். செருப்பா?” என்று கேட்டார் என் இல்லாள். நுண்ணறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர் அது. அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் பாதம் தானாக அழுகுவதில்லை, உணர்ச்சி மரத்துப்போன கால் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி அழுத்தப்படுவதால்தான் புண்ணாகிறது என்று அவர் எடுத்துக்காட்டினார். அந்தப் பாதங்களைக் காக்க வேலூரிலும் கரிகிரியிலும் இத்தகைய காலணிகளைச் செய்து கொடுத்தார்கள். இன்று நீரிழிவுக்காரர்களும் குதிகால் வலிக்காரர்களும் அதைப் போடுகிறார்கள்.

நீரிழிவு என்றதும் என் அக்காவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களைப் படிக்க வைத்தவர். ஒரு திருவிழா நாளில் காலையிலிருந்து அன்னதானச் சமையலில் நின்றார். மாலையில் சப்பாத்தைக் கழற்றினால் உள்ளே இரத்தம். ஒரு சிறு கல், நாள் முழுவதும் காலடியில் கிடந்திருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியர்களிடையே இன்னும் அதிகம். எனவே சர்க்கரை உள்ளவர்கள் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பார்த்த பிறகே கால் நுழைக்க வேண்டும். கால் மரத்துப் போனவர்கள் மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்கு வெறுங்காலுடன் நடப்பதாக நேர்ந்துகொள்ளுமுன் டாக்டரைக் கேளுங்கள். ஆண்டவன் கோபிக்க மாட்டான்.

சப்பாத்து ஒன்றே மருந்தாகிவிடாது. காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் வலிக்கும் காலை மறு தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் கணுக்காலை நோக்கி இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடியுங்கள். இப்படிப் பத்து முறை. மதியமும் இரவும் இதையே செய்யுங்கள். வீட்டு ஓட்டுத் தரையில் வெறுங்காலுடன் நடக்காதீர்கள். எனக்கு வலி முழுவதும் போக ஏழு மாதம் ஆயிற்று, அவசரப்பட்டுப் பயனில்லை. வீக்கமோ காய்ச்சலோ மரத்துப்போதலோ இருந்தால் மட்டும் காத்திராமல் கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று. சப்பாத்தின் பின்பக்கத்தைப் பெரியவர்கள் ஏன் மிதித்து நசுக்குகிறார்கள் என்று யோசித்தேன். ஆலய வாசலில் உட்கார்ந்து கயிறு கட்ட இடமில்லை, அவ்வளவுதான். நிர்வாகக் கூட்டத்தில் சொன்னேன். காலணி அடுக்குக்குப் பக்கத்தில் நான்கு நாற்காலிகள் போட்டிருக்கிறோம். தயவுசெய்து இளைஞர்கள் கைப்பேசியுடன் அதில் உட்கார்ந்துவிட வேண்டாம்.