ஒரு பேட்டரிக்கு வாடகை எவ்வளவு?

இந்த முறை நான் பேட்டரியைப் பற்றி எழுதுகிறேன். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. நம் மாவட்டத்தில் அந்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் பெய்தது. பிறகு தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் தெருவில் கம்பம் சாய்ந்து நாலு நாள் கரண்ட் இல்லை. முதல் ராத்திரியே அம்மா போன் ஆஃப் ஆகிவிட்டது. மூணாம் நாள் ஒருவர் ஜெனரேட்டர் வைத்து, போனுக்கு 20 ரூபாய் என்று சார்ஜ் போட்டுக் கொடுத்தார். வரிசையில் நின்று போட்டுவந்து பேசினால், சென்னையில் கட்டட வேலை செய்யும் அப்பா பயந்துபோய் ஏற்கெனவே கிளம்பிவிட்டார். மூணு நாள் கூலி போச்சு.

அந்த 20 ரூபாய் நியாயமா? மின்னோட்டப் பாடம் படித்த பிறகு கணக்குப் போட்டேன். போன் பேட்டரி 5000 எம்.ஏ.எச். என்றால் 5 ஆம்பியர்-மணி. 3.8 வோல்ட்டால் பெருக்கினால் 19 வாட்-மணி. ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி. வழியில் வீணாவதையும் சேர்த்து போனுக்கு 25 என்று வைத்தால், ஒரு யூனிட்டில் 40 போன் நிரப்பலாம். அப்படியானால் நாங்கள் கொடுத்தது யூனிட்டுக்கு 800 ரூபாய்! எனக்குக் கோபம் வந்தது. ஆயாவோ, "அவன் மட்டும் டீசலை ஆத்துலயா மொண்டுகிட்டு வந்தான்?" என்று கேட்டாங்க. அதுவும் சரிதான்.

மின்கலம் இரண்டு வகை. டார்ச்சில் போடும் பேட்டரிக்கட்டை முதன்மை மின்கலம். அதன் துத்தநாகக் கூடே கரைந்துதான் மின்சாரம் வருகிறது. பழைய கட்டை கசிவது இதனால்தான். தீர்ந்த கட்டையை ஆயா வெயிலில் காயவைப்பாங்க, கொஞ்ச நேரம் எரியும். அது சார்ஜ் ஏறியதால் இல்லை. சூட்டில் மிச்சமுள்ள வேதிவினை கொஞ்சம் வேகமாக நடக்கும், அவ்வளவுதான்.

துணை மின்கலத்தில் அந்த வேதிவினையைத் திருப்பி ஓட்டலாம். கார் பேட்டரி, போன் பேட்டரி எல்லாம் இந்த வகை. 1859-ல் பிரான்ஸ் நாட்டு காஸ்டன் பிளாண்டே முதலில் செய்தார். வாங்கும்போது விலை அதிகம், ஆனால் நூற்றுக்கணக்கான தடவை நிரப்பலாம். கணக்குப்படி இதுதான் மலிவு. ஆனால் மொத்தமாகப் போடக் கையில் பணம் வேண்டுமே! அதனால் பாக்கெட் ஷாம்பு மாதிரி கட்டை கட்டையாக வாங்கி, கடைசியில் அதிகம் செலவழிக்கிறோம்.

ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். கோஃபோரிடுவா என்ற ஊரில் விட் அலெக்சாண்டர் என்ற அமெரிக்கர் 2008-ல் 'புர்ரோ' என்ற கம்பெனி தொடங்கினார். பச்சை நிற ரீசார்ஜ் செல்லை விற்காமல் வாடகைக்கு விட்டார்கள். தீர்ந்ததை ஏஜென்டிடம் கொடுத்தால் நிரப்பியது கிடைக்கும். நம் ஊரில் முன்பு இருந்த வாடகை சைக்கிள் மாதிரிதான்.

இதில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கட்டை 1.5 வோல்ட், ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்தானே, வெளிச்சம் குறையாதா? பார்த்தால், கட்டை 1.5-ல் ஆரம்பித்து எரிய எரிய இறங்கிக்கொண்டே போகும். இது தீரும் சமயம் வரை 1.2 பக்கமே நிற்கும்.

நம் நாட்டிலும் உண்டு. தில்லியில் உள்ள டெரி நிறுவனம் 2008-ல் கிராமங்களில் சோலார் சார்ஜ் நிலையம் தொடங்கியது. பகலில் விளக்குகளை நிரப்பி, சாயங்காலம் சில ரூபாய் வாடகைக்குக் கொடுத்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது ஹரீஷ் ஹண்டேயின் செல்கோ கம்பெனி கர்நாடகத்தில் செய்தது. சோலார் தகடு பள்ளிக்கூடத்தில் இருக்கும், விளக்கு வீட்டில் இருக்கும், பிள்ளைகள் பேட்டரியை மட்டும் டிபன் பாக்ஸ் மாதிரி எடுத்துவந்து நிரப்பிக்கொண்டு போகணும். லீவு போட்டால் ராத்திரி வீடு இருட்டு! (நம் வகுப்பில் சிலருக்கு இது தேவை. பெயர் சொல்ல மாட்டேன்.)

ஆனால் புயல் நேரத்தில் வெயில் ஏது? சோலார் தகடு அப்போது அதிகம் உதவாது. புயல் வருவதை ரேடியோ, டிவியில் முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். அன்றைக்கே ஒரு பேட்டரியை நிரப்பி வைத்திருக்கணும். இன்வெர்ட்டருக்கு வைக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1800 வாட்-மணி இருக்கும். ஈய-அமில பேட்டரியை அடிவரை தீர்த்தால் சீக்கிரம் கெட்டுவிடும், அதனால் பாதிதான் எடுக்கணும். 900 வாட்-மணி, போனுக்கு 25 என்றால் 36 போன்.

எங்கள் தெருவில் மொத்தம் 31 வீடு.